அவளிடம் சொல்லாத ஆள்

நாவல் எழுதிக்கொண்டிருக்கும் நாட்களில் எனக்குக் காலை என்பது பாதித் தூக்கம்தான். எழுந்து முகம் கழுவி, காப்பி டம்ளரோடு மேசைக்கு வந்துவிடுவேன். அந்த நேரத்தில் நான் இருப்பது புதுக்கோட்டையிலா, எழுதிக்கொண்டிருக்கும் ஊரிலா என்று எனக்கே சரியாகத் தெரியாது. தெருவில் பால்காரர் ஹாரன் அடித்தால், எந்த ஊர்ப் பால்காரர் என்று ஒரு கணம் யோசிப்பேன். பின்கட்டில் என் கணவர் வாளியை நகர்த்தினால், கதைக்குள் யாரோ வாளியை நகர்த்துவார்கள். வேப்பமரத்தின் நிழல் ஜன்னல் வழியாக மேசையில் விழுந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அதற்குள் ஒரு பக்கம் எழுதியிருப்பேன், அல்லது ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டேன்.

வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் தெளியும். "தெளிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் கணவர் காஸ் சிலிண்டர், கரண்ட் பில் பேச்சையெல்லாம் எடுப்பார். சாமி வந்து ஆடி இறங்கியவளிடம் கேட்பதுபோல் இருக்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தெருக்காரர்களுக்கோ நான் வீட்டில் சும்மா இருப்பவள். "நீங்க வீட்லதானக்கா இருக்கீங்க" என்று கொரியர் வாங்கி வைக்கச் சொல்வார்கள், தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்வார்கள். ஊரில் வேலைக்குப் போகாமல் வேலை செய்கிறவர்கள் பாடு இதுதான்.

இந்த மயக்கத்திலிருந்து என்னை முழுதாக வெளியே இழுத்துப்போட ஒருத்தியால்தான் முடியும். அவள் அறந்தாங்கியில் கணக்கு டீச்சர். கல்லூரி விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும், அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். அதனால்தான் இத்தனை காலம் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

எங்களுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று உண்டு. மேசையில் இருக்கிற வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி, சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுவேன். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அவள் நிற்பாள். சில வாரம் அவள் வீட்டு மாடியில் கால் நீட்டிக் கிடப்போம். சில வாரம் மீமிசலுக்குப் போவோம். மீமிசல் கடலுக்கு அலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. குளத்துத் தண்ணீர்போலக் கரையைத் தொட்டுவிட்டு அப்படியே நிற்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தூரம் தெரியாமல் உள்ளே நடப்போம். எவ்வளவு நடந்தாலும் முழங்காலுக்கு மேல் ஏறாது. அந்த வெளிச்சத்தில் வானம் எது, தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. திரும்பும்போது நண்டு வாங்குவாள். ஒவ்வொரு நண்டையும் தூக்கிப் பார்த்து "இது வெறும் ஓடுண்ணே" என்று விற்கிறவரிடம் வம்பு இழுப்பாள். அவரும் விடமாட்டார். "டீச்சர் கணக்குப் பாக்குறது பள்ளிக்கூடத்தோட போகட்டும்" என்பார்.

இதற்கெல்லாம் நடுவில் நான் கதை சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். எழுதிக்கொண்டிருக்கும் நாவலை, நாவல் என்று சொல்லாமல், பக்கத்துத் தெரு வம்புபோல அவளிடம் சொல்வேன். "அந்தப் புள்ள இந்த வாரம் என்ன பண்ணிருக்கா தெரியுமா?" என்று தொடங்குவேன். அவளும் அப்படியே கேட்பாள். நடை, உத்தி, இதெல்லாம் அவளுக்கு வேண்டாம். அவளுக்கு அந்தப் பெண் சாப்பிட்டாளா என்று தெரிய வேண்டும்.

அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண் வந்தாள். என் சிநேகிதிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடுடி அவளுக்கு. எத்தன நாளைக்குப் பஸ்ஸுல அலைவா?" என்று சண்டைக்கு வந்தாள். திங்கட்கிழமை நான் அவளை ஒரு ஸ்கூட்டியில் ஏற்றினேன். ஏற்றியதும், வாரக்கணக்கில் நகராமல் கிடந்த கதை தன் பாட்டுக்கு ஓடத் தொடங்கியது.

ஒருமுறை மீமிசலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண்ணைப் பற்றி நான் சொல்லிக்கொண்டு வந்தேன். கல்யாணம் ஆகவில்லை, தனியாக இருக்கிறாள், தம்பியைப் படிக்க வைக்கிறாள் என்று. முன்சீட்டில் மடியில் கூடையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பொண்ணுக்கு எத்தன வயசு இருக்கும்?"

சிநேகிதி கொஞ்சமும் யோசிக்காமல் "முப்பத்தி ரெண்டுங்க" என்றாள்.

"எங்க கொழுந்தனார் மகன் ஒருத்தன் கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரித் தோப்பு வச்சிருக்கான். ஒரு பழக்கம் கிடையாது. பொண்ணு அமையல. கேட்டுச் சொல்லுங்களேன்."

"கேட்டுச் சொல்றோங்க" என்றாள் இவள். அந்த அம்மா இறங்கும்வரை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கிய பிறகு சிரித்த சிரிப்பில் கண்டக்டரே எட்டிப் பார்த்தார். நானும்தான் சிரித்தேன். ஆனால் என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தச் சனிக்கிழமைக்குள் ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. அதை நான் என் சிநேகிதியிடம் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். ஆரம்பத்தில் அவள் கல்யாணம் ஆகாதவளாகத்தான் இருந்தாள். ஒருநாள் காலையில், அந்தப் பாதித் தூக்கத்தில், அவள் கடையில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். அவள் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "சாப்டீங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஆளை நான் கூப்பிடவில்லை. அவர் வந்துவிட்டார். கடல் கடந்த ஊரில், பலர் சேர்ந்து தங்கும் ஒரு அறையில், கட்டிலுக்கடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைதோறும் மனைவிக்குப் போன் செய்கிற ஆள். கொஞ்ச நாளில் அவர் உயிரோடு ஊர் திரும்ப மாட்டார் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எழுதும்போது சில விஷயங்கள் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

என் சிநேகிதியின் கணவர் அப்படித்தான் போனார். வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். சில வருடங்களுக்கு முன், ஒரு ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்த அன்று காலை நான் அறந்தாங்கிக்குப் போனேன். உடல் ஊர் வந்து சேர்வதற்கு வாரங்கள் ஆயின. அந்த வாரங்கள் முழுக்க அவளோடு இருந்தேன். பிறகு மெல்ல மெல்ல, மகளின் படிப்பு, பள்ளிக்கூடம், சனிக்கிழமை என்று சிரிப்பு அவளிடம் திரும்பி வந்தது. அது திரும்பி வந்ததில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை எந்த நாவலும் எனக்குக் கொடுத்ததில்லை.

இப்போது நாவலில் அதேபோல ஒரு சாவை நான் எழுதப்போகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுடைய வீட்டுச் சாவை எடுத்துவந்து புத்தகம் போட்டுவிட்டேன் என்று அவள் நினைத்துவிட்டால்? அவளை இழந்துவிட்டு ஒரு நாவலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அந்த ஆளை நாவலிலிருந்து வெட்டி எறிந்தும் பார்த்தேன். நாவல் அடம் பிடித்த மாடுபோலப் படுத்துவிட்டது. திரும்ப உள்ளே விட்டேன்.

அதனால் எனக்கு இரண்டு நாவல்கள் ஆயின. மேசையில் இருந்த நாவலில் அவள் புருஷன் உள்ளவள். சனிக்கிழமை நாவலில் கல்யாணம் ஆகாதவள். சனிக்கிழமை நாவலுக்குத் தனியாகச் சம்பவங்கள் ஜோடிக்க வேண்டியிருந்தது. தம்பிக்குக் காய்ச்சல் வந்தது, கடையில் மெஷின் ரிப்பேர் ஆனது. "அந்த முந்திரித் தோப்பு மாப்பிள்ளையப் பத்தி அவகிட்ட கேட்டியா?" என்று சிநேகிதி கேட்பாள். நான் மென்று விழுங்குவேன். எந்தப் பொய்யை எந்த வாரம் சொன்னேன் என்று குழம்பியது. கடைசியில், வேலை அதிகம் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை போகவில்லை. பிறகு இன்னொன்று. பிறகு அது வழக்கமாகிவிட்டது.

"பரவால்லடி, முடிச்சிட்டே வா" என்றாள் போனில். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம் மேசையில் உட்கார்ந்திருப்பேன். அறந்தாங்கி பஸ் இந்நேரம் கிளம்பியிருக்கும் என்று தோன்றும். ஒரு வரி ஓடாது.

ஒரு புதன்கிழமை விடியற்காலையில் அந்த மனிதர் போனார். நான் எழுதிக்கொண்டே அழுதேன். எழுதி முடித்துவிட்டும் அழுதேன். என் கணவர் உழவர் சந்தைக்குப் போயிருந்தார். வழக்கமாக நான் எழுதும்போது போன் அவரிடம் இருக்கும். யார் கூப்பிட்டாலும் "தெளியலைங்க, அப்பறம் பேசுங்க" என்று சொல்லிவிடுவார். அன்று என் மேசையிலேயே கிடந்தது. அடித்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் சிநேகிதி கூப்பிட்டாள்.

"என்னடி, கொரலே சரியில்ல?"

"அவரு போயிட்டாருடி" என்றேன்.

"எப்படி?"

"இப்பதான். விடியக்காலைல. தூக்கத்துலயே."

"ஒங்கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

"நான் வாரேன்" என்றாள். போன் நின்றுவிட்டது.

நான் அந்த மனிதரை அவளிடம் மறைத்திருந்தேன் என்பதே அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. எல்லாம் சொல்லியிருந்ததுபோலவே இருந்தது. எவ்வளவு நல்லவள், நாவலில் ஒரு ஆள் செத்ததற்குக் கிளம்பி வருகிறாளே என்று நினைத்துக்கொண்டு மேசைமேல் தலை சாய்த்தேன். அப்படியே தூங்கிப்போனேன். தூக்கத்தில் மீமிசல் கடலில் நடந்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வது குறைவு. நாங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள்தான், ஆனாலும் எங்களுக்குள் பேசும்போது அவளுடைய அவர், என்னுடைய அவர் எல்லாம் வெறும் 'அவரு'தான். சேர்ந்து பேசும்போது யாரைச் சொல்கிறோம் என்பது தானாகப் புரிந்துவிடும். அன்றைக்கும் அவளுக்குத் தானாகப் புரிந்துவிட்டது.

வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். நான் போவதற்குள் என் கணவர் கேட்டைத் திறந்துவிட்டிருந்தார். லுங்கியும் பனியனுமாக, கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்றார். அவளுடைய கண்ணும் மூக்கும் சிவந்து வீங்கியிருந்தன. தோளில் பெரிய பை. பின்னாலேயே எங்கள் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டுக் கைகட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க வாங்க, என்ன இந்த நேரத்துல?" என்றார் என் கணவர்.

சாவு வீட்டில் யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். அவள் அந்த வார்த்தையைக் கேட்டு அப்படியே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள், முருங்கைக்காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க..." என்றாள்.

"நான்தான்" என்றார் அவர்.

ஆட்டோக்காரர்தான் முதலில் சுதாரித்தார். "சார், பஸ் ஸ்டாண்டுலேருந்து ஒங்களப் பத்தித்தான் பேசிட்டு வந்தோம், நல்ல மனுசன்னு. தப்பா நெனைக்காதீங்க சார். இப்புடிச் சொன்னா ஆயுசு கூடும்பாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடினார். என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "இன்னும் தெளியலையா?"

எனக்கு அப்போதுதான் தெளிந்தது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று விளங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் எதிர்பார்த்ததுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வெளியூர்ல இருக்க ஒன் மகனுக்குப் போன் போட எடுத்தேன்டி. எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம வச்சிட்டேன். போட்டிருந்தா என்னாயிருக்கும்!" என்றாள். என் கணவர் "என் சாவுக்கு எவ்வளவு கூட்டம் வரும்னு தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டு முருங்கைக்காயோடு உள்ளே போனார். அவள் சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி, பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்ப போனது யாருடி?"

எத்தனையோ மாதமாக நான் பயந்துகொண்டிருந்த இடம் இதுதான். அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

"நாவல்ல ஒரு ஆளு" என்றேன். "அந்தப் புள்ளையோட வீட்டுக்காரரு."

"எந்தப் புள்ள?"

"ஜெராக்ஸ் கடை."

"அவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" அவள் முகத்தில் வந்தது நிஜமான அதிர்ச்சி. "எனக்கு ஒரு வார்த்த சொல்லலையேடி. பஸ்ஸுல அந்தம்மா வேற மாப்பிள்ள வச்சுக்கிட்டுக் காத்திருக்கும்."

என்னால் சிரிக்க முடியவில்லை. "அவரு வெளிநாட்டுல இருந்தாரு" என்றேன்.

அவள் சிரிப்பு அடங்கியது. ஜன்னல் பக்கம் பார்த்தாள். மேசையில் நிழல் அசைந்துகொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றே நம்பினேன். போனால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"படி" என்றாள்.

படித்தேன். அறை, கட்டில், அலாரம் அடித்தும் எழாத ஆள், எழுப்பப் போன நண்பர். பிறகு இங்கே ஊரில், கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவளுக்கு வந்த போன். ஷட்டர் பாதியில் நிற்க, அவள் தரையில் உட்கார்ந்தது. மத்தியானம்வரை அவள் அப்படியே தனியாக உட்கார்ந்திருந்தது. அங்கே அத்தியாயம் முடிகிறது. அந்தத் தனிமையை நான் நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அன்று காலை பெருமைகூடப் பட்டிருந்தேன்.

கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரர எழுதினதுக்கு எனக்கு ஒண்ணுமில்லடி" என்றாள். "எழுது. நீ எழுதாம யாரு எழுதப்போறா? ஆனா அந்தப் பொம்பளைய இப்படித் தனியா விட்டுட்டியே. எங்கூட நீ இருந்தேல்ல. அவளுக்கு ஏன்டி யாரையும் வைக்கல?"

அவளுடைய துக்கத்தை எடுத்துக்கொண்டோமே என்று அஞ்சி அஞ்சி, நாவலின் சாவு வீட்டிலிருந்து நான் என்னைத்தான் முதலில் வெளியேற்றியிருக்கிறேன். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த முறை நாவலுக்காக இல்லை.

அப்புறம் அவள் பையைத் திறந்தாள். பழைய காட்டன் சேலைகள், துண்டு, சீப்பு, பிரஷர் மாத்திரை, திருத்த வேண்டிய கணக்குப் பேப்பர் கட்டு. "காரியம் வரைக்கும் ஒங்கூட இருக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். ஸ்கூல்லயும் சொல்லிட்டேன். இப்ப திரும்பிப் போனா ஹெச்.எம்.கிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றாள்.

"இரு" என்றேன்.

"இருக்கத்தான் போறேன். நீ போய் எழுது. நான் இங்கிட்டுத்தான் கிடப்பேன்."

எழுதுவதற்குக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அன்று கதவைச் சாத்தவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் பாயை விரித்து, பேப்பர் கட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவள் படுத்தாள். அழுத களைப்பு, உடனே தூங்கிவிட்டாள். அடுக்களையில் சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது. வெளியே ஐஸ்கார வண்டியின் மணி தெருக்கோடி வரை போய்த் திரும்பியது. நான் பாதி இங்கே, பாதி அங்கே இருந்தேன். அங்கே, நாவலின் ஊரில், பாதி தூக்கிய ஷட்டருக்குள் குனிந்து, ஒரு பெண் உள்ளே வந்தாள். தரையில் இருந்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கு மேல் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"வந்துட்டாளா?" என்றாள் பாயிலிருந்து, கண்ணைத் திறக்காமல்.

"வந்துட்டா."

"குடிக்க ஏதாச்சும் குடுத்தாளா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல அதக் குடுக்கச் சொல்லு." கொஞ்சம் பொறுத்து, தூக்கக் குரலில் சொன்னாள்: "அன்னைக்கி நீ போட்டுக் குடுத்த காப்பியில சீனியே இல்ல. அழுதுக்கிட்டே போட்டேல்ல, மறந்துட்ட. நான் சொல்லல. ஒரு சொட்டு விடாம குடிச்சேன்."

எனக்கு இத்தனை வருடமும் அது தெரியாது. அவள் மறுபடி தூங்கிப்போனாள். நான் அந்தக் காப்பியை எழுதினேன், சீனி போடாமல்.